கள்ளுக்கடையில் ஒலித்த குரல்: கெடா தோட்டப்புறப் புனைவுகளை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

மலேசியத் தமிழ்ப் புனைகதைகளில் தோட்டப்புற வாழ்வைச் சித்திரிப்போர் திரும்பத் திரும்பக் கையாளும் களங்கள் நான்கு. அவை பெரட்டுக்களம், லயம், கோயில், கள்ளுக்கடை என்பன. இவற்றுள் பெரட்டுக்களம் உழைப்புச் சுரண்டலின் குறியீடாகவும், லயம் குடும்ப வாழ்வின் நெருக்கடியைக் காட்டும் களமாகவும், கோயில் பண்பாட்டுத் தொடர்ச்சியின் அடையாளமாகவும் நம் ஆய்வுகளில் பேசப்பட்டு வந்துள்ளன. கள்ளுக்கடை மட்டும் 'குடியின் தீமை' என்னும் ஒற்றைத் தலைப்புக்குள் ஒடுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. அது வெறுத்தொதுக்கத்தக்க இடம் என்பதற்குமேல் ஒன்றுமில்லை எனின், நம் எழுத்தாளர்களின் எழுதுகோல் அவ்விடத்தை நோக்கி ஏன் மீண்டும் மீண்டும் நகர்கின்றது?

இவ்வினாவைச் சுங்கைப் பட்டாணியைச் சூழ்ந்த பீடோங், குரூண், பாடாங் செராய், லூனாஸ் முதலிய கெடா வட்டாரப் பின்னணியில் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். கள்ளுக்கடையின் ஈர்ப்பு கள்ளில் மட்டும் இருக்கவில்லை. அங்கு நிகழ்ந்த பேச்சிலும் இருந்தது என்பதும், அப்பேச்சைக் கேட்கத் தவறியமை நம் புனைகதைக்கும் திறனாய்வுக்கும் பொதுவான குறை என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகளாம்.

வகுப்பறையிலிருந்து ஒரு தொடக்கம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டப்புறச் சிறுகதை ஒன்றைப் பட்டக்கல்வி மாணவர்களிடம் கொடுத்து, அதில் வரும் கள்ளுக்கடைக் காட்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுமாறு பணித்தேன். பெரும்பாலோர் ஒரே விடையை எழுதினர். குடி குடியைக் கெடுக்கும், கதைத்தலைவன் திருந்தியிருக்கலாம், ஆசிரியர் சமுதாயத்திற்கு நல்ல படிப்பினை வழங்கியுள்ளார் என்பனவே அவர்தம் முடிவுகள். காட்சியில் நால்வர் உரையாடுகின்றனர். ஒருவர் கங்காணியின் நடையை நடித்துக் காட்டுகின்றார். மற்றொருவர் ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்கின்றார். இவற்றைக் குறிப்பிட்டவர் எவருமிலர். கள் என்ற சொல்லைக் கண்டதும் மாணவர்தம் வாசிப்பு நின்றுவிட்டது.

இக்குறை மாணவர்களுடையது மட்டுமன்று. அவர்களுக்கு அவ்வாறு வாசிக்கக் கற்பித்தவர்கள் நாமே. கதையின் 'கரு' யாது, 'படிப்பினை' யாது என்ற இரு வினாக்களுடன் புனைகதையை அணுகும் பள்ளிப் பழக்கம், களம் என்பதைக் கதை நிகழும் இடம் என்ற ஒரு வரியுடன் முடித்துவிடுகின்றது. அக்களம் எவ்வாறு உருவாயிற்று, அதை நடத்தியவர் யார், அங்கே எவர் எவருடன் பேச முடிந்தது என்னும் வினாக்கள் எழுவதேயில்லை.

கள்ளின் இயல்பும் கடையின் அமைப்பும்

கள்ளுக்கடை என்னும் இடத்தைப் புரிந்துகொள்ளக் கள்ளின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். தென்னையின் விரியாத பாளையைச் சீவிக் கலயம் கட்டி இறக்கும் சாறு, இறங்கும்போதே புளிக்கத் தொடங்குகின்றது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிடின் சில மணிநேரத்தில் கள்ளாகிவிடும். மறுநாள் அது மிகப் புளித்துக் குடிக்கத் தகாததாகி, மெல்லக் காடியாக மாறத் தொடங்கும். ஆகவே, அன்று இறக்கிய கள்ளை அன்றே, மரத்திற்கு அண்மையிலேயே குடித்து முடிக்க வேண்டும். சேமித்துவைக்கவோ தொலைவுக்குக் கொண்டுசெல்லவோ அது இடந்தராது.

இவ்வியல்பே கள்ளுக்கடையை ஒரு கூடுமிடமாக ஆக்கிற்று. விடியுமுன் பெரட்டில் நின்று, பால்மரம் வெட்டி, பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துத் திரும்பும் தொழிலாளிக்குப் பிற்பகல் மட்டுமே சொந்தமான பொழுது. அன்றைய கள்ளும் அப்பொழுதுதான் கடைக்கு வந்திருக்கும். மரத்தின் நேரமும் மனிதனின் நேரமும் ஒன்றாகச் சந்தித்த இடம் அது.

எனினும், அக்கடை தொழிலாளியுடையது அன்று. காலனித்துவ மலாயாவில் கள் விற்பனை அரசின் உரிமத்திற்கு உட்பட்டது. தோட்டக் கள்ளுக்கடைகளை நிருவாகமே உரிமம் பெற்று நடத்தியது. இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்கெனச் செலவிடும் ஏற்பாடும் இருந்தது. தொழிலாளி குடித்த கள்ளின் காசே அவனுக்கு நன்மையாகத் திரும்பி வருகின்றது என்று நிருவாகம் கணக்குக் காட்ட இவ்வேற்பாடு வழிசெய்தது. குடிப்பவன் தோட்ட எல்லைக்குள்ளேயே குடிப்பான். மறுநாள் பெரட்டுக்கும் அங்கிருந்தே வருவான். கள்ளுக்கடை தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்த கயிறுகளுள் ஒன்று.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் வெளியிட்ட நூலில், வீடும் பணியிடமும் அல்லாத 'மூன்றாம் இடம்' என்ற கருத்தை விளக்கினார். காப்பிக்கடை, மதுக்கடை, முடிதிருத்தகம் போன்ற இடங்களில் மக்கள் தத்தம் தகுதி வேறுபாடுகளை வாயிலில் விட்டுவிட்டு உரையாடுகின்றனர் என்பது அவர் கருத்து. இக்கருத்தை நம் கள்ளுக்கடைக்கு அப்படியே பொருத்த இயலாது. தோட்டத்தில் வீடும் நிருவாகத்துடையது, பணியிடமும் நிருவாகத்துடையது, மூன்றாம் இடமும் நிருவாகத்துடையதே. இம்மூன்றனுள் கங்காணியின் காதுக்கு எட்டாமல் பேச ஓரளவேனும் வாய்ப்பளித்தது கள்ளுக்கடையே. கடை நிருவாகத்துடையது, அங்கு பேசப்பட்ட பேச்சு நிருவாகத்துடையது அன்று. இம்முரணே அக்களத்தின் இலக்கிய வலிமை எனலாம்.

இரு மரபுகள்

தமிழிலக்கியத்தில் கள்ளைப் பற்றி இரு மரபுகள் உள்ளன. சங்கப் பாடல்களில் கள் விருந்தின் ஒரு கூறு. அதியமானின் மறைவுக்கு இரங்கும் ஔவையாரின் புறப்பாடல், அவன் கள்ளைத் தம்மோடு பகிர்ந்துண்ட பான்மையை நினைவுகூர்கின்றது. மதுரைக்காஞ்சி காட்டும் நகரில் கள் விற்கும் இடத்திலும் கொடி பறக்கின்றது. பெரும்பாணாற்றுப்படை நெல்லிலிருந்து தோப்பி வடிக்கும் முறையையே விளக்குகின்றது. இப்பாடல்களில் எவருடன் பகிர்ந்துண்டனர் என்பதே முதன்மை பெறுகின்றது. திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை மற்றொரு மரபைத் தொடங்கிவைக்கின்றது. அங்கே உண்பவனது அறிவும் மதிப்பும் குடும்பமும் வினாவுக்குள்ளாகின்றன.

மலேசியத் தமிழ்ப் புனைகதை இவ்விரண்டனுள் பின்னதையே வரித்துக்கொண்டது. இதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. 1921இல் ஈரோட்டில் நடைபெற்ற கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர். பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்தார். 1937இல் இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இந்திய விடுதலை இயக்கமும் சுயமரியாதை இயக்கமும் பிற பலவற்றில் மாறுபட்டாலும் கள்ளெதிர்ப்பில் ஒன்றுபட்டன. அவ்வலை கடல் கடந்து இங்கும் வந்தது. 1950களின் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' நடத்திய கதை வகுப்பின்வழி எழுதப் பயின்ற தலைமுறை இச்சூழலில் வளர்ந்தது. அத்தலைமுறையினருள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பலர்.

தோட்டத்து ஆசிரியரின் இருப்பிடம் நுட்பமானது. அவர் தொழிலாளியும் அல்லர், நிருவாகியும் அல்லர். கள்ளுக்கடைக்குள் சென்று அமர்வது அவர் மதிப்புக்கு இழுக்கு. ஆகவே அவர் அதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். தள்ளாடி வெளியே வருபவனை அவர் கண்டார். உள்ளே அமர்ந்து பேசியவனை அவர் காணவில்லை. நம் சிறுகதைகள் பலவற்றில் கள்ளுக்கடைக் காட்சி, கதைத்தலைவன் கடையைவிட்டு வெளியே வரும் கணத்தில் தொடங்குவது தற்செயலானதன்று. இதனை அவ்வெழுத்தாளர்களின் நேர்மைக் குறைவு என்று கொள்ளலாகாது. அவர்கள் நின்ற இடம் அவர்கள் கண்ட காட்சியை வரையறுத்தது என்பதே சரியாகும்.

கிள்ளானும் பீடோங்கும்

தொழிலாளரே கள்ளுக்கடையை எவ்வாறு நோக்கினர் என்பதற்கு வரலாறு இரு சான்றுகளைத் தருகின்றது. முதலாவது, 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம். அன்று தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் ஊதிய உயர்வுடன், கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துசெல்லுதல், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல் ஆகியவையும் இடம்பெற்றன. அப்போராட்டத்துடன் தொடர்புடைய ஆர்.எச். நாதன் நாடுகடத்தப்பட்டார், போராட்டம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது.

இக்கோரிக்கைகளை ஒருசேர வைத்துப் படித்தல் வேண்டும். கள்ளுக்கடையும் மிதிவண்டியும் வாயிற்காவலும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. தொழிலாளர் கள்ளை ஒழுக்கக்கேடாக மட்டும் கண்டிருப்பின் இவை ஓரிடத்தில் சேர்ந்திரா. தம் நடமாட்டத்தையும் உறவையும் மதிப்பையும் கட்டுப்படுத்தும் ஒரே அமைப்பின் வேறுவேறு முகங்களாக அவற்றை அவர்கள் உணர்ந்தனர் என்றே கொள்ளத் தோன்றுகின்றது.

இரண்டாவது சான்று சுங்கைப் பட்டாணிக்கு மிக அண்மையது. சப்பானியர் ஆட்சிக்குப் பின்னர்க் கெடா தோட்டங்களில் தொண்டர் படை என்னும் இளைஞர் இயக்கம் எழுந்தது. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் அதற்குத் தலைமை தாங்கியவர் ஏ.எம். சாமி. இந்திய தேசிய இராணுவம் ஊட்டிய கட்டுப்பாட்டுணர்வு அவ்வியக்கத்தில் படிந்திருந்தது. கள்ளெதிர்ப்பு அதன் முதன்மைப் பணி. கள்ளுக்கடை மறியல் அதன் வழிமுறை. 1947இன் முற்பகுதியில் மறியல்கள் காவல்துறையுடனான மோதல்களாக வெடித்தன, உயிரிழப்பும் நேர்ந்தது. கள்ளெதிர்ப்பாகத் தொடங்கியது தோட்ட நிருவாகத்திற்கு எதிரான வேலைநிறுத்தமாக விரிந்தது.

குடியை விடுங்கள் என்று கூறிய ஓர் இயக்கத்தை அடக்க அன்றைய அரசு இத்தனை வலிமையைப் பயன்படுத்தியது ஏன்? கள்ளுக்கடையை மறித்தவர்கள் ஒரு கடையை மட்டும் மறிக்கவில்லை என்பதே விடையாகும். தொழிலாளர் ஒன்றுகூடும் இடத்தின்மீது யாருக்கு அதிகாரம் என்னும் வினாவை அவர்கள் எழுப்பினர். கள்ளுக்கடையின் ஈர்ப்பைச் சரியாக மதிப்பிட்டவர்கள் தொண்டர் படையினரே எனலாம். தொழிலாளர் கூடும் இடம் அதுவென்று அறிந்தே அதன் வாயிலில் நின்றனர். நம் கதைகள் இந்த வாயிலுக்கு வந்து, குடிகாரனின் தள்ளாட்டத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிட்டன என்பது வருந்தத்தக்கது.

புனைவில் பேச்சு

கள்ளுக்கடையின் குரலைப் புனைவில் கொண்டுவருவதற்கு முதல் தடை மொழியே. செம்மையான எழுத்து நடையில் எழுதப்பட்ட கதைகளில் தொழிலாளி ஆசிரியரின் தமிழில் பேசினான். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' மலேசியத் தோட்ட வாழ்வைத் தமிழகத்து வாசகருக்கு அறிமுகப்படுத்திய நாவல். விருந்தினராக வந்து கண்ட ஒருவரின் பரிவு அதில் உண்டு; ஆயினும் தோட்டத்துப் பேச்சின் உள்ளோசையை வெளியிலிருந்து வந்தவர் முழுமையாகப் பிடித்துவிட இயலாது.

கெடா மண்ணில் பிறந்த சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' இத்தடையைக் கடக்க முயன்ற நாவல்களுள் குறிப்பிடத்தக்கது. தோட்டத்து மக்களின் பேச்சுவழக்கை அலங்காரமாக அன்றி, கதையின் உடலாகவே அது கொள்கின்றது. 2017இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டபோது தமிழகத்து வாசகரிடையேயும் அவர் எழுத்து கவனம் பெற்றது. பேச்சுமொழி நுழைந்ததும் மாந்தரின் இயல்பு மாறுகின்றது. ஏச்சு, நையாண்டி, ஊர் நினைவு, கங்காணியைப் பழித்தல், தன்னைத்தானே இகழ்ந்து சிரித்தல் ஆகியன எழுத்தில் ஏறுகின்றன. குடிப்பவன் படிப்பினைக்கான எடுத்துக்காட்டாக இல்லாமல், பேசும் மனிதனாகத் தோன்றத் தொடங்குகின்றான்.

பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதி 1981இல் வெளியிட்ட முதல் நாவலையும் இங்கு ஒப்புநோக்கலாம். அதில் வரும் தந்தை தமக்கு உரிமையில்லாத நிலத்தில் வீடொன்றைக் கட்டி, அதனோடு தம்மையும் அழித்துக்கொள்கின்றார். தனக்கென ஓரிடம் வேண்டும் என்ற தவிப்பு அந்நாவலின் உயிர்நாடி. அத்தவிப்பை அறிந்த பின்னர்த்தான், பிறருடைய கூரையின்கீழ் இரண்டு மணிநேரம் அமர்ந்து பேசுவதற்காகத் தொழிலாளி நாள்தோறும் கள்ளுக்கடைக்குச் சென்றதன் பொருள் நமக்கு விளங்குகின்றது.

கடையிலிருந்து புட்டிக்கு

தோட்டக் கள்ளுக்கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, இரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது, சுங்கைப் பட்டாணியைச் சூழ்ந்த நிலங்கள் பல வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறின. குடி மறையவில்லை. அதன் வடிவம் மாறிற்று. கள்ளின் இடத்தைச் சம்சு என்னும் மலிவான சாராயம் பிடித்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதற்கெதிராகப் பல ஆண்டுகள் பரப்புரை செய்துவந்தது.

இம்மாற்றம் போதையின் அளவு பற்றியது மட்டுமன்று. கள் கெட்டுவிடும், சம்சு கெடாது. கள்ளைக் கடையில் அமர்ந்து குடிக்க வேண்டும். சம்சுப் புட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்கும் குடிக்கலாம். கள் ஓர் இடத்தை உண்டாக்கியது. சம்சுவுக்கு இடம் தேவைப்படவில்லை. சம்சுக்காரன் பால்மரத்தடியிலும் பேருந்து நிலையத்திலும் தனியே குடித்தான். பேச்சு உதிர்ந்துபோய்ப் போதை மட்டும் எஞ்சிற்று. கூடிக் குடித்தவனைக் கண்டித்த நாம், தனித்துக் குடிப்பவன் உருவானபோது அவ்வேறுபாட்டைக் கவனிக்கத் தவறிவிட்டோம்.

ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலை இவ்விடத்தில் வைத்துப் பார்த்தல் தகும். 1981இல் லூனாஸ் வட்டாரத்தில் நச்சுச் சாராயத்தால் பலர் உயிரிழந்த துயரம் அந்நாவலின் பின்புலத்தில் நிற்கின்றது. 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு அதனைத் தடை செய்தபோது எழுந்த விவாதம் பெரும்பாலும் அதன் சொற்களைப் பற்றியதாகவே அமைந்தது. அந்நாவல் நினைவூட்டும் வரலாறு அவ்விவாதத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. கொச்சைச் சொல்லைக் கண்டதும் வாசிப்பை நிறுத்துவதும், கள் என்ற சொல்லைக் கண்டதும் வாசிப்பை நிறுத்துவதும் ஒரே பழக்கத்தின் இருவேறு வெளிப்பாடுகள் என்பது என் கருத்து.

ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

இங்குக் கூறியவற்றிற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கள்ளுக்கடையின் பேச்சைப் போற்றுவது, அப்பேச்சுக்கு விலை கொடுத்த பெண்ணை மறப்பதாகாதா? சம்பள நாளன்று வாயிலில் காத்துநின்ற மனைவியும், வெறுங்கையுடன் திரும்பிய கணவனும் நம் எழுத்தாளர்களின் கற்பனையில் முளைத்தவர்கள் அல்லர். கெடாவின் தோட்டமொன்றில் வளர்ந்தவன் என்ற முறையில், கள்ளின் பெயரைக் கேட்டாலே முகம் இறுகிப்போகும் மூதாட்டியர் பலரை நான் அறிவேன். அவர்தம் சினம் நியாயமானது. கள்ளெதிர்ப்பு இலக்கியத்தின் அறச்சீற்றத்திற்கு ஊற்று அச்சினமே. அதை எவ்வகைத் திறனாய்வும் மழுங்கடித்தல் கூடாது.

ஆயினும், அச்சினத்தையும் நம் கதைகள் முழுமையாகக் கேட்டனவா என்பது ஐயத்திற்குரியது. பெரும்பாலான கதைகளில் அவள் அழுகின்றாள், பொறுத்துக்கொள்கின்றாள், இறுதியில் கணவன் திருந்துகின்றான், அல்லது இறக்கின்றான். கள்ளுக்கடையை நடத்தியவன் யார், வீட்டுக்கு வராத காசு யார் கணக்கில் சேர்ந்தது என்று அவள் கேட்கும் கதையைக் காண்பது அரிது. ஆணின் பேச்சைக் கேளாத இலக்கியம் பெண்ணின் கேள்வியையும் கேட்கவில்லை. இருவரையும் படிப்பினைக்கு உரிய பாத்திரங்களாக்கி, நிருவாகத்தைக் காட்சியிலிருந்து நீக்கிவிட்டது. குற்றம் முழுவதும் குடித்தவனின் மனவுறுதியின்மையில் சென்று முடிந்தது. அம்முடிவு தோட்ட நிருவாகத்திற்கும் உவப்பானதே என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. தோட்டம் மறைந்த பின்னர் அதனைப் பொற்காலமாக நினைவுகூரும் போக்கு இன்று வளர்ந்து வருகின்றது. அந்நினைவில் கள்ளுக்கடையும் இனிக்கத் தொடங்கியுள்ளது. முன்பு வெறும் தீமையாகக் கண்டதை இன்று வெறும் இனிமையாகக் காண்பது பார்வை மாற்றமாகாது. இரண்டிலும் அங்கே அமர்ந்திருந்தவன் என்ன பேசினான் என்பது கேட்கப்படவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கெடா தோட்டப்புறக் கள்ளுக்கடை ஒரே வேளையில் தொழிலாளியைக் கட்டிப்போட்ட இடமாகவும், அவன் வாய்திறந்து பேசிய இடமாகவும் விளங்கியமை புலனாகும். காலையில் பெரட்டில் அவன் எண்ணப்பட்டான். மாலையில் கள்ளுக்கடையில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டான். அதன் நீடித்த ஈர்ப்புக்கு இதுவே அடிப்படை எனக் கருதலாம். 1947இல் அதன் வாயிலில் மறியல் செய்தவர்களும் கூடியிருந்த தொழிலாளரின் மதிப்பையே வேறொரு வழியில் மீட்க முயன்றனர்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டப்புறக் கதையைக் கற்பிக்கும்போது 'படிப்பினை யாது' என்ற வினாவுக்கு முன், 'இக்காட்சியில் யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார், யார் காதில் விழாமல் பேசுகிறார்' என்ற வினாக்களைக் கேட்கலாம். மாணவர்தம் பாட்டனும் பாட்டியும் இன்னும் உயிரோடிருக்கும் இல்லங்களில், அவர்கள் நினைவிலுள்ள கள்ளுக்கடையைப் பற்றிக் கேட்டு எழுதிவரச் செய்யலாம். பாட்டனின் விடையும் பாட்டியின் விடையும் நிச்சயம் வேறுபடும். அவ்விரண்டையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வரும் மாணவர், நம் புனைகதை எழுதத் தவறிய பக்கத்தை எழுதத் தொடங்கியவராவார். அம்முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர் என்பதால், இப்பணியை அடுத்த பருவத்திற்கு ஒத்திவைக்க இயலாது.